கொடுத்த கதை

அகதி விசாரணையில் தான் சொல்ல வைத்திருந்த சொந்தக் கதையை மரியநாயகம் விக்கினராசாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். விக்கினராசாவுக்கு விசா கிடைத்தது, மரியநாயகத்துக்குக் கிடைக்கவில்லை. பிழை அவ்வளவுதான். மற்றதெல்லாம் அது போட்ட குட்டிகள். மூத்த குட்டி இதோ மேடையில் பட்டு வேட்டியோடு இருக்கிறது, தோளில் பொன்னாடை, முன்னால் பூச்செண்டு, தலைக்குமேல் பதாகை: ‘மிச்சமானவன்’, நாவல், எழுதியவர் ஊரிலான். ஊரிலானாம். விக்கினராசாவுக்கு ஊர் இருந்தது. ஊரில் கல்வீடு இருந்தது, வீட்டுக்கு இரும்புக் கேற் இருந்தது, அந்தக் கேற்றை ஒருநாளும் ஒரு துவக்குக்காரனும் தட்டவில்லை. தட்டியிருந்தால் இவன் எதற்கு இன்னொருவன் கதையை இரவல் கேட்கப்போகிறான். மரியநாயகம் நான்காம் வரிசையில் நடைவழி ஓரமாக இருந்தார். எழும்ப வசதியான கதிரை. இன்றைக்கு எழும்பத்தான் வந்திருக்கிறார்; ரயிலேறி, பஸ் மாறி, பாரிஸுக்கு வெளியே இந்த நகரசபை மண்டபம்வரை, தண்ணீர் கட்டிய முழங்காலோடு. என்ன சொல்வதென்பது தயார். முப்பது வருடத்துக்கு மேலாகத் தயார். முதலில், ‘விக்கி, என்னைத் தெரியுதோ’ என்று ஆறுதலாகக் கேட்கவேண்டும். அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதைப் பார்க்கவேண்டும். ஒரேயடியாகச் சாகக்கூடாது, பார்க்க நேரம் வேண்டும். பிறகு பனங்கட்டி. அந்த ஒரு சொல்லை எடுத்து அவன் முன்னால் வைத்தால் போதும், பொன்னாடையோடு சுருண்டு விழுவான். இல்லை, விக்கி என்று கூப்பிடக்கூடாது. அது முன்பு பாரிஸில் ஒரே அறையில் படுத்த காலத்தில் கூப்பிட்ட பேர், அதில் இன்னும் கொஞ்சம் அன்பு ஒட்டிக்கிடக்கும். விக்கினராசா என்று முழுதாக. பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடுவதுபோல. மூன்று மணிக்கென்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். நாலரையாகியும் மங்கள விளக்குக்கு எண்ணெய் தேடிக்கொண்டிருந்தார்கள். சனியன்கள். பின்னாலிருந்து சூடாக்கிய ரோல்ஸ் மணம் வந்தது. மணம். மணம் இல்லாத கேஸ் நிக்காது. அதைச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

“ஐயா, அந்தப் பட்டு வேட்டிக்காரர்தானோ எழுதினவர்?” பக்கத்துக் கதிரை மனுசி கேட்டாள். அவர் வயதுதான் இருக்கும், கொஞ்சம் குறைய. நீலக் குளிர்க்கோட்டைக் கழற்றாமல், மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல. “ஓம்,” என்றார். “அவரின்ரை பல்லு சொந்தப் பல்லோ?” விசர் மனுசி. “எனக்கென்ன தெரியும். கிட்டப் போய் எண்ணிப் பாருங்கோ.” “எண்ணத்தான் வேணும்,” என்றாள் அவள், பகிடியா இல்லையா என்று தெரியாத குரலில். கைப்பையைத் திறந்து இஞ்சி இனிப்பு ஒன்றை எடுத்து நீட்டினாள். “கட்டுப்பல்லு. ஒட்டும்,” என்று மறுத்தார். அவள் அவர் வாயை ஒருதரம் பார்த்துவிட்டு, இனிப்பைத் திரும்பப் பைக்குள் போட்டாள். விளக்கு ஒருமாதிரி எரிந்தது. அகவணக்கம், எல்லாரும் எழும்பவும் என்றான் அறிவிப்பாளன். மரியநாயகம் முன்கதிரையைப் பிடித்து எழும்பினார். இவர்களின் ஒரு நிமிடம் அரை நிமிடந்தான், ஆனால் கண்ணை மூடினால் அரை நிமிடம் போதும், பாலம் வந்துவிடும். இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒரு வண்டி அகலத்துக்குத் தார். பத்திரிகை வான் தீவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. ஆமிக்காரர் மறித்தார்கள். இறங்கச் சொன்னார்கள். பின்னால் வந்த பஸ்ஸிலிருந்தும் இறக்கினார்கள். பட்டப்பகல். வெயில் கடலில் பட்டுக் கண்ணைக் குத்தியது. யார் பக்கத்தில் நின்றது? சோதி. சோதிலிங்கம், அவர்களின் பத்திரிகை ‘வடதாரகை’யின் அச்சுக்கோப்பாளன், அவனுக்குத் தீவில் என்ன வேலை, ஒரு வேலையும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை, நானும் வாறன் கடற்காத்து வாங்க என்று ஏறியவன். அவன் ஏறாமல் இருந்திருந்தால். நிறுத்து. அந்தப் பாதையில் போகாதே, அதில் போனால் இன்றைக்குச் சொல்லவேண்டியது சொல்லுப்படாது. கண்ணைத் திறந்தார். பக்கத்து மனுசி கண்ணை மூடவே இல்லை. மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், நெற்றியைச் சுருக்கி, தையலூசிக்கு நூல் கோப்பவள்போல.

வரவேற்புரை. வரவேற்கப்பட்டவர்களுக்கு வரவேற்பு. மரியநாயகம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பார்த்தால் கோபம் வரும், கோபத்தைச் சேமிக்கவேண்டும். வடதாரகையில் அவர் தலையங்கம் எழுதிக் கொடுத்தனுப்பினால் சோதி உள்ளேயிருந்து கத்துவான்: “ஐயா, உம்மடை கோவத்துக்கு என்னட்டை ஆச்சரியக்குறி காணாது. ரெண்டைக் குறையும்!” கை எழுத்துப் பெட்டியில் ஓடிக்கொண்டே இருக்கும், கண் இவரைப் பார்த்துச் சிரிக்கும். மத்தியானம் வாழையிலைப் பொட்டலம் பிரிப்பான். ‘மங்களத்தின்ரை கைப்பக்குவம், ஒருவாய் பாரும்’ என்று அரைவாசியை இவர் பக்கம் தள்ளுவான். அந்த மங்களத்தை மரியநாயகம் ஒருநாளும் கண்டதில்லை. அவள் குழம்பைத் தெரியும், ஆளைத் தெரியாது. கண்டிருக்கவேண்டும். பாலத்துக்குப் பிறகு போய்க் கண்டிருக்கவேண்டும். மீன்பிடிகாரர் தூக்கிக் கரைசேர்த்து, ஆசுப்பத்திரியில் தொடையில் கிடந்த சன்னத்தை எடுத்து, எடுத்த கையோடு ஆட்கள் வள்ளத்தில் ஏற்றிவிட்டார்கள். தப்பினவன் சாட்சி, சாட்சியைத் தேடி வருவாங்கள் என்று. இந்தியா, பிறகு எங்கெங்கோ, பிறகு பாரிஸ். வீட்டு வாசலுக்குப் போய், உன் மனுசன்... என்னவென்று சொல்லுவது? வாக்கியம் அதற்குமேல் ஓடவில்லை. எத்தனையோ பேருக்கு வாக்கியம் எழுதிக்கொடுத்தவருக்கு அந்த ஒரு வாக்கியம் ஓடவில்லை. மேடையில் இப்போது தெய்வேந்திரம் ஆய்வுரைக்கு வந்தான். தொழில் கணக்கு எழுதுவது, இலக்கிய மேடையில் பேராசிரியர். “ஊரிலானின் மூன்று நூல்களும் மூன்று கேள்விகள்,” என்று தொடங்கினான். “நான் யார், என் நிலம் எது, நான் எப்படி மிஞ்சினேன்.” நல்ல கேள்விகள். மூன்றுக்கும் விடை நான்காம் வரிசையில் இருக்கிறது, வந்து கேள். “குறிப்பாக அந்தப் பாலத்து அத்தியாயம். சுட்டு விழுத்தியபிறகு, பஸ்ஸில் வந்த கிழவியின் ஓலைக் கடகம் சரிந்து, பனங்கட்டி வெயிலில் உருகி, இரத்தத்தோடு கலந்து வருகிற அந்த மணம்! பட்டவனால் மட்டுமே இதை எழுதமுடியும்.” மண்டபம் கைதட்டியது. மரியநாயகத்தின் அடிவயிற்றில் ஒரு சிரிப்பு புரண்டது. வா மகனே, வா. பாலத்தில் பனங்கட்டியே இல்லை.

பனங்கட்டி முளைத்தது பாரிஸில். ஏழாம் மாடியில், மூட்டைப்பூச்சி அறையில், பத்துப் பன்னிரண்டு பெடியள் முறைவைத்துப் படுத்த காலம். பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும் ஒவ்வொருவனாக வந்தான், அண்ணை, எனக்கொரு கேஸ் எழுதித் தாங்கோ. எழுதினார். பொய்யில்லை, அவனவன் பட்டதுதான், ஆனால் அவனவனுக்குச் சொல்லத் தெரியாது. “வீட்டுக்கு வந்து பிடிச்சவங்கள் எண்டு சொன்னா ஆர் நம்புவான்? வரேக்கை அடுப்பிலை என்ன கிடந்தது?” “புட்டு அண்ணை.” “அப்ப புட்டு கருகினதைச் சொல்லும். மணம் இல்லாத கேஸ் நிக்காது.” நின்றன. எல்லாம் நின்றன. விக்கிக்குத்தான் ஒன்றுமே இல்லை. அவன் தமையன் அனுப்பிவந்தவன். கேட்டால், எல்லாரும் போறாங்கள் எண்டு வெளிக்கிட்டனான் என்றான். விசாரணைக்குத் திகதி வந்ததும் மூலைக்குள் இருந்து அழுதான், அண்ணை, என்னைத் திருப்பி அனுப்பினா அம்மா கயித்திலை தூங்கிச் சாவா. அப்போதுதான் மரியநாயகம் அந்தப் பிழையை விட்டார். பத்திரிகைக்காரன் விடுகிற பிழை. ஒரு செய்தியை ஆயிரம் பேர் வாசித்தாலும் செய்தி தேயாது என்று பழகினவர். தன் கதையும் அப்படித்தான், இரண்டு வாய் சொன்னால் என்ன, இரண்டு தடவை உண்மை என்று நினைத்தார். தன்னுடைய முறை வர மாதக்கணக்காகும், அதற்குள் யார் ஞாபகம் வைத்திருக்கப்போகிறான் என்றும் நினைத்தார். கட்டிலைப் பாலமாக்கி நடந்து நடந்து சொல்லிக்கொடுத்தார். “இந்த இடத்திலை அழாதையும். சுடேக்கை ஒருத்தனும் அழுறேல்லை. அழுகை பிறகு வரும்.” விக்கி கெட்டிக்காரன், ஒரு சொல் தவறவிடவில்லை. “அண்ணை, பாலத்திலை மணம் ஒண்டும் இல்லையோ?” என்று அவனேதான் கேட்டான். கடல்மணம் எல்லாக் கேஸிலும் கிடந்தது. யோசித்துவிட்டு, போடும் பனங்கட்டியை என்றார். அப்படி வந்ததுதான். மாதங்கள் கழித்துத் தன் முறைக்குப் போய், நல்லாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். பனங்கட்டி வந்த இடத்தில் விசாரிப்பவர் பேனையை மூடி வைத்தார். அந்தக் கதையை நாங்கள் ஏற்கெனவே கேட்டுவிட்டோம் என்றார், மொழிபெயர்த்த பெண் நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள். “ஆனா அது என்ரை கதை.” எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். தொடைக் காயத்தைக் காட்டினார். காயம் யாருக்கும் இருக்கலாம். கதைதான் ஒருவனுக்கு.

பிறகென்ன. பன்னிரண்டு வருடம் விசா இல்லாத மனிதன். மெத்ரோவில் பரிசோதகரின் பச்சைச் சட்டை கண்டால் இறங்கி, அடுத்த ரயில், அதிலும் கண்டால் நடை. சமையற்கூடங்களின் நிலவறையில் கோப்பை கழுவி, நகம் வெந்து, ஈரத்தில் பல்முரசு வீங்கிப் பல் ஒவ்வொன்றாகக் கழன்றது. அம்மா செத்தபோது தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று கோயில்மணியைக் கேட்டார், ஒரு மச்சான் ரிசீவரை யன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தான். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் விக்கினராசா கலியாணம் கட்டினான், வீடு வாங்கினான், ஒரு பத்திரிகை தொடங்கினான், பத்திரிகையில் பாலத்தைத் தொடராக எழுதினான். முதற் புத்தகம். மரியநாயகம் வாசித்தார், விழுங்கினார். இரண்டாவது புத்தகம், ‘பெயர் கேட்டார்கள்’, அதற்கு ஒரு பரிசு, தொலைக்காட்சியில் முகம், கண்ணீர் சரியான இடத்தில் வந்தது, சுடும்போது வரவில்லை, பிறகுதான் வந்தது. விழுங்கினார். யாரிடம் போய்ச் சொல்வது? ரிஜெக்ட் கேஸின் பொறாமை என்பார்கள். தானும் எழுதலாம் என்று இருந்து பார்த்தார். இரண்டு பக்கம் எழுதினால் ஊரிலானைப் பார்த்து எழுதியதுபோல வந்தது. தன் பாலத்தில் தானே இரண்டாவதாக நடப்பவன் ஆகிவிட்டார். அதையும் விழுங்கினார். ஆனால் இந்த மூன்றாவது. இணையத்தில் தொடராக வந்தபோது ஒரு கிழமை, மத்தியானத்தில், தேத்தண்ணியை வைத்துவிட்டு வாசித்துக்கொண்டிருந்தவர், தேத்தண்ணி ஆடைகட்டிப் போனது, தொடவில்லை. பாலத்தில் ஒரு தலையாட்டி நிற்கிறான். முகத்தில் சாக்குப் போட்டு, வரிசையாக வருபவர்களைப் பார்த்துத் தலையாட்டுகிறவன்; அவன் ஆட்டினால் ஆள் முடிந்தது. ஊரிலான் அவன் சாக்கைக் கழற்றுகிறான், அத்தியாயத்தின் கடைசி வரியில்: அது அச்சுக்கோப்பாளன் சோதி. பேரைக்கூட மாற்றவில்லை, நாய். பாலத்தில் நின்றவர்களில் சிங்களம் தெரிந்தவன் சோதி ஒருவன்தான், கொழும்பு அச்சகத்தில் வேலை செய்தவன், இவங்கள் பத்திரிகைக்காரர், பிள்ளைகுட்டிக்காரர் என்று கும்பிட்டுக் கேட்டான். அதை அறையில் மரியநாயகம்தான் சொன்னார். ‘சோதி அவங்களோடை அவங்கடை பாசையிலை கதைச்சவன்.’ அந்த ஒரு வரியிலிருந்து இவன் சாக்குத் தைத்திருக்கிறான். நாவலுக்குத் திருப்பம் வேண்டும் அல்லவா. தன்னைத் திருடியதை விழுங்கலாம். சோதியைத் தொட்டது தொண்டையில் நிற்கிறது. இன்றைக்கு அதைத் துப்பவேண்டும், இவன் பட்டு வேட்டியில்.

“முதற் பிரதி பெறுபவர்கள் மேடைக்கு வரவும்.” போனார்கள், படமெடுத்தார்கள், சிறப்புப் பிரதி, அதற்கும் படம். பிறகு ஊரிலானின் ஏற்புரை. மரியநாயகம் நிமிர்ந்தார். கிழண்டிவிட்டான் விக்கி, கழுத்து தொங்குகிறது. ஆனால் குரல் அதே குரல், கட்டிலில் நடந்த குரல். “இது கதையில்லை,” என்றான். “இதிலை ஒவ்வொரு எழுத்தும் என்ரை உடம்பிலை எழுதினது.” பக்கத்து மனுசி முன்னுக்குச் சாய்ந்தாள். சொல்லட்டும். சொல்லி முடிக்கட்டும். முடித்ததும் எழும்பி, பனங்கட்டி நான் அறையில் பிடித்த மணம், பாலத்தில் கிழவியும் இல்லை கடகமும் இல்லை, எப்படி ஐயா உம்முடைய உடம்பில் ஏறியது என்று கேட்டால். கேட்டால், இவன் என்ன சொல்வான்? சிரித்துக்கொண்டு, அண்ணைக்கு வயசு போயிட்டுது என்பான். இல்லை, கிழவி நின்றாள் என்பான். நின்றாளோ? பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் வெள்ளைச் சீலை ஒன்று... அது எங்கிருந்து வருகிறது, பாலத்திலிருந்தா, விக்கியின் புத்தகத்திலிருந்தா?  மூன்று புத்தகத்தையும் எத்தனை தரம் வாசித்தார், கோபத்தில், வரிவரியாக, இப்போது கண்ணை மூடினால் அவன் எழுதிய வெயில்தான் அடிக்கிறது. பனங்கட்டியைத் தான் பிடித்தது நிச்சயமா? நிச்சயம். அப்படியென்றால் வேறு எதையெல்லாம் பிடித்தார்? கையை? விழுந்தார்கள், சோதி இவருக்கு மேல் விழுந்தான். இவருக்குத் தொடையில் பட்டுவிட்டது, வாய் திறந்துகொண்டது, கத்தினால் திரும்பி வந்து சுடுவார்கள். சோதியின் கை வந்து வாயைப் பொத்தியது. அதுவரை விக்கிக்குச் சொன்னார். யாரோ ஒருவரின் கை என்று புத்தகத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகுள்ளதைச் சொல்லவில்லை, விக்கிக்கும் சொல்லவில்லை, பாவமன்னிப்புக் கேட்கிற பாதிரிக்கும் சொல்லவில்லை. கடித்தார். நோவுக்கு வழியில்லாமல் அந்தக் கையைக் கடித்தார், தோல் போய், சதை போய், பல்லில் எலும்பு தட்டும்வரை. சோதி உயிரோடுதான் இருந்தான். கையை எடுக்கவில்லை. சப்பாத்துச் சத்தம் தூரப் போகும்வரை அந்தக் கை வாயிலேயே கிடந்தது, பிறகு கை சும்மா கை ஆகிவிட்டது. இது நடந்ததா? கேஸுக்கு நல்ல கை. மணம் மாதிரி, புட்டு மாதிரி, நிக்கிற கை. நான்தான் கோத்தேனோ, இத்தனை பேருக்குக் கோத்துப் பழகி, ஒருநாள் கோப்பை கழுவும்போது எனக்கே கோத்துக்கொண்டேனோ. நாக்கால் கட்டுப்பல்லைத் தடவினார். பிளாஸ்டிக். கடித்த பல் ஒன்றுகூட வாயில் இல்லை, சாட்சிகள் எல்லாம் பாரிஸின் சாக்கடையில். இவ்வளவு தூரம் பழிவாங்க வந்தவனிடம் ஆயுதம் என்று இருந்தது ஒரு பொய்மணம், உண்மை என்று இருந்தது ஒரு சந்தேகம். விக்கியோ சந்தேகமே இல்லாமல் பேசிக்கொண்டிருக்கிறான். என் கதை அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

“சபையிலிருந்து கேள்விகள் இருந்தால், சுருக்கமாக. ரோல்ஸ் ஆறுது,” என்றான் அறிவிப்பாளன். சிரித்தார்கள். மரியநாயகம் கையை உயர்த்தினார்.  அறிவிப்பாளன் கண்டான், காணாததுபோல முகத்தைத் திருப்பினான். ஊர்க் கூட்டங்களில் எழும்பிச் சண்டைபிடிக்கிற கிழவன் என்று அவருக்கு ஏற்கெனவே பேர். பிறகு வேறு வழியில்லாமல், “மரியண்ணை, நீங்கள் கதைச்சா விடியும்... முதல்லை அம்மாவுக்குக் குடுப்பம்,” என்று மைக்கை அவருக்குப் பக்கத்துக் கதிரைக்கு நீட்டினான். நீலக்கோட்டு மனுசி எழும்பி நின்றாள். சனியன், பல்லுக் கேட்கப்போகிறாள் என்று மரியநாயகம் பொருமினார். அவள் மைக்கை வாங்கி, வாய்க்குக் கிட்டப் பிடிக்கத் தெரியாமல், நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள். “நான் லண்டனிலையிருந்து வந்தனான்,” என்றாள். “என்ரை மனுசன் அச்சுக்கோக்கிறவர். இவர் எழுதின சோதி அவர்தான்.” மண்டபத்தில் ஒரு கதிரை கிரீச்சிட்டது. மரியநாயகத்தின் உயர்த்திய கை அப்படியே நின்றது. வாழையிலை. குழம்பு மணம். “என்ரை பேத்தி இதை வாசிச்சுப்போட்டு வந்து கேட்டாள், அம்மம்மா, தாத்தா தலையாட்டியோ எண்டு. அதுக்குத்தான் வந்தனான். சண்டைக்கில்லை. ஒண்டு கேக்கவேணும்.” விக்கினராசா மேடையில் எழும்பிக் கைகூப்பினான். “அம்மா, நாவல் எண்டா கொஞ்சம் கற்பனை...” “இப்ப ஒவ்வொரு எழுத்தும் உடம்பிலை எண்டீர்?” பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கினார்கள். “அவரைக் கொண்டந்து முத்தத்திலை போட்டாங்கள். நான்தான் கழுவினனான். கையிலை ஒரு கடி. நாய்க்கடி இல்லை, ஆள் கடிச்சது. எலும்பு தெரிஞ்சுது. நாப்பது வருசமா நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, ஆருக்குச் சொல்லுறது? காரியம் முடிஞ்சாப்போலை அவரையும் சுட்டவங்கள் எண்டு எழுதியிருக்கிறீர். சரி. சாக்குப் போட்டுக்கொண்டு தூர நிண்ட மனுசனின்ரை கை, ஆரின்ரை வாய்க்குள்ளை போனது?” அவள் மைக்கை மற்றக் கைக்கு மாற்றினாள். “கீழை கிடந்து தப்பினது நீர்தானே. அப்ப நீர்தான் கடிச்சிருக்கவேணும். எந்தக் கை எண்டு சொல்லும். சொன்னா நான் உம்மைக் கும்பிட்டுட்டுப் போறன்.”

விக்கினராசா மூச்செடுத்தான். இதற்கு அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் இல்லை. மண்டபம் முழுக்க அவன் வாயைப் பார்த்தது, அவனோ அந்தக் காலத்தில் மூலைக்குள் இருந்து பார்த்ததுபோல நாலாபக்கமும் பார்த்தான், பார்வை நான்காம் வரிசையில் வந்து தட்டி நின்றது. தெரிந்துவிட்டது. மரியநாயகத்தை அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கெட்டிக்காரன், கண்ணீரைச் சரியான இடத்தில் கொண்டுவந்தான். “வலக்கை அம்மா,” என்றான் மெதுவாக. “என்னாலை மறக்கேலுமே?”  மைக்குக்குள் அவள் மூச்சு மட்டும் கேட்டது. “இடது,” என்றார் மரியநாயகம். எழும்பவில்லை, ‘விக்கினராசா’ என்று முழுதாகக் கூப்பிடவில்லை, பனங்கட்டி வாய்க்கு வரவேயில்லை. இருந்த இடத்திலிருந்து, தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்பதுபோல, “இடது கை,” என்றார். அவள் திரும்பினாள். “எங்கை?” “பெருவிரலுக்குக் கீழை. அந்தத் தடிச்ச சதையிலை.” “பல்லு?” அவர் கட்டுப்பல்லைக் கழற்றினார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரியாது, வெறும் முரசோடு, எச்சில் வழிய, அத்தனை பேருக்கும் முன்னால் வாயைத் திறந்து காட்டினார், பிறகு கொழகொழவென்று சொன்னார். “மேல்வரிசையிலை முன்னுக்கு ஒண்டு அப்பவே இல்லை. சைக்கிளாலை விழுந்தது.” அவள் குனிந்து, அந்த வெறும் வாயை, எழுத்துப் பார்ப்பதுபோல நேரமெடுத்துப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். ஒரே ஒருதரம். மரியநாயகத்தின் உடம்பு பழைய பழக்கத்தில் ஒடுங்கியது, ஆட்டினால் ஆள் முடிந்தது, இழுத்துக்கொண்டு போவார்கள் என்று, யாரும் இழுக்கவில்லை. அவள் மைக்கை இப்போது சரியாக வாய்க்குக் கிட்டப் பிடித்தாள். “ஓம். கடிச்ச அடையாளத்திலை அந்தப் பல்லின்ரை இடம் வெறுமையாக் கிடந்தது.” மேடையில் என்னவோ சரிந்தது, பூச்செண்டோ தண்ணீர்ப் போத்தலோ, யாரோ கூவினார்கள், யாரோ படமெடுத்தார்கள், தெய்வேந்திரம் மேடையின் பின்பக்கத்தால் இறங்கிப்போனான். இத்தனை வருடம் பார்க்கக் காத்திருந்த முகம் அங்கே எப்படிச் செத்தது என்பதை மரியநாயகம் பார்க்க மறந்துபோனார். கை நடந்தது. கை உண்மை. சோதி கையை எடுக்கவில்லை. அவள் தன் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவர் தாடையைத் துடைத்தாள், பிள்ளைக்குத் துடைப்பதுபோல இல்லை, கழுவின பாத்திரத்தைத் துடைப்பதுபோல, அழுத்தி. “நொந்திருக்கும் உங்களுக்கும்,” என்றாள். மைக் இன்னும் நிறுத்தப்படவில்லை, அதுவும் மண்டபம் முழுக்கக் கேட்டது. அறிவிப்பாளன் ஓடிவந்தான், என்ன அறிவிப்பது என்று தெரியாமல், கடைசியில் தெரிந்த ஒன்றைக் கேட்டான். “அம்மா... உங்கடை பேர்?” அவள் மேடையில் தொங்கிய பதாகையை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சொன்னாள்.

“மங்களேஸ்வரி.”